வாயை மாற்றுங்கள்

ஆம்ப்ளிபயர் என்றதும் "எத்தனை வாட்?" என்று முதல் கேள்வி கேட்கிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் "எத்தனை பவுன்?" என்று கேட்கிற சம்பந்திக்கும் இவர்களுக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. இவர்களோடு இன்னொரு கோஷ்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கி வந்த மறுநாளே பெட்டியின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி மாற்றினால்தான் நாதம் பிறக்கும் என்று நம்புகிற கோஷ்டி அது. இந்த இரண்டு கோஷ்டியாருக்கும் எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

நான் பேசுவது கிதாருக்கு வைத்துக்கொள்ளும் சின்ன வால்வு ஆம்ப்ளிபயரைப் பற்றி. "நாவல் எழுதுகிறவனுக்கு இதில் என்ன ஐயா வேலை?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனிதர்கள் எண்ணை நம்பிக் காதை நம்பாமல் போவது என் தொழிலைச் சேர்ந்த விஷயம் என்பது ஒரு பதில். என் தங்கை மகன் இந்தப் பைத்தியத்தில் உயிரையே விடப் பார்த்தான் என்பது இன்னொரு பதில். அப்போது நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்று ஓர் ஊர். அங்கே ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் என்பவர், 1940களின் இறுதியில், கிதார் பழகும் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் செய்து விற்க ஆரம்பித்தார். பின்னால் அதற்கு 'சாம்ப்' என்ற பெயர் நிலைத்தது. 1950களின் பிற்பகுதியில் வந்த சாம்பைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்றே வால்வுகள்: கிதாரிலிருந்து வருகிற மெல்லிய துடிப்பைப் பெரிதாக்க ஒரு 12ஏஎக்ஸ்7, அதற்குப் பலம் கொடுக்க ஒரு 6வி6, வீட்டு மின்சாரத்தை ஒருதிசைப்படுத்த ஒரு 5ஒய்3. வெளியே ஒரே ஒரு திருகு. எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சக்தி ஐந்து வாட். அந்தச் சக்தியில் ஒரு மங்கலான இரவு விளக்கு எரியலாம்.

2000களின் நடுவில் எபிஃபோன் கம்பெனியார் இதே வம்சத்தில் 'வால்வ் ஜூனியர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, அதே ஐந்து வாட், அதே எட்டு அங்குலம். நூறு, நூற்றைம்பது டாலருக்குக் கிடைத்தது. விலை மலிவாக இருக்கவே ஆளுக்கு ஆள் அதைத் திறந்து உறுப்புகளை மாற்ற ஆரம்பித்தார்கள். மாற்றுகிற வேலையே ஒரு குடிசைத் தொழிலாக வளர்ந்தது.

கலிபோர்னியாவில் தங்கை வீட்டில் நான் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, அவள் மகன் இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய பெட்டியை எங்கேயோ ஒரு வீட்டு வாசலில், பழைய சாமான் விற்பனையில், வாங்கி வந்தான். கம்பெனியின் பெயர் வேண்டாம். குற்றம் கம்பெனியுடையதல்ல. இரண்டு நாள் வாசித்தான். மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தகர டப்பாவுக்குள்ளேயிருந்து பேசற மாதிரி இருக்கு, மாமா" என்றான்.

அவன் சொன்னது உண்மை. ஆனால் அதற்கு அவன் கண்ட வைத்தியம்தான் தப்பு. யாரோ சொன்னார்கள் என்று அறுபது டாலருக்கு ஆரஞ்சு நிறக் கண்டென்ஸர்களும் வேறு சில உதிரிகளும் வாங்கினான். கார் நிறுத்தும் அறையில் கடை விரித்தான். அந்தத் தொகையில் ஒரு நல்ல ஸ்பீக்கரின் பாதி விலை அடங்கியிருக்கிறது என்று அவனுக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

தடால் என்று சத்தம் கேட்டு ஓடினேன். பையன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். திருப்புளி காருக்கு அடியில் கிடந்தது. முகத்தில் ரத்தமில்லை. "பிளக்கைப் பிடுங்கிட்டேனே மாமா, பிளக்கைப் பிடுங்கிட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிளக்கைப் பிடுங்கியவன் பிழைத்தான் என்று நினைப்பது இந்தப் பெட்டிகளின் விஷயத்தில் பெரிய மோசம். வால்வுக்கு முந்நூறு வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும். அதைச் சீராக வைத்திருக்கிற பெரிய கண்டென்ஸர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரத்தைத் தங்களுக்குள் பிடித்து வைத்திருக்கும். அதை முறைப்படி வடித்து, மீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகே தெரிந்தவர்கள் உள்ளே கை வைப்பார்கள். இவன் அப்படியே கை வைத்தான். இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் மிளகளவு கருகியிருந்தது. தந்தியை அழுத்த வேண்டிய விரல் அது. பத்து நாள் கிதாரைத் தொட முடியவில்லை. இரண்டு கையையும் உள்ளே விட்டிருந்தால் அந்த மின்சாரம் மார்பின் குறுக்கே போயிருக்கும். அதை நினைத்து அன்றிரவு நானும் தங்கையும் தூங்கவில்லை.

ஆனாலும் வாலிபம் அடங்குமா? விரல் ஆறியதும், விஷயம் தெரிந்த சிநேகிதன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை முடித்தான். எல்லாவற்றையும் திரும்ப முடுக்கும்போது திருப்புளி வழுக்கி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் குத்திக் கிழித்துவிட்டது! வேறு வழியில்லாமல் அந்தச் சிநேகிதன் வீட்டிலிருந்து பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒரு தனிப் பெட்டியை இரவல் வாங்கி வந்து இணைத்தான். வாசித்தான். சமையலறையில் இருந்த தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். அதே ஐந்து வாட்தான். குரல் மட்டும் ஒரு சின்னப் பையனுடையதாக இல்லை. தொண்டை உடைந்து வளர்ந்த ஆண் பிள்ளையின் குரலாக இருந்தது.

"பார்த்தீங்களா மாமா, கண்டென்ஸர் எப்படி வேலை செய்யுது!" என்றானே பார்க்கலாம்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த வழக்கில் கட்சி பிடித்தது. கிழிந்த ஸ்பீக்கருக்குப் பதிலாக, அதே அளவில் அதே மாதிரி மலிவான எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வரவழைத்து மாட்டச் சொன்னேன். ஆரஞ்சு நிறக் கண்டென்ஸர்கள் அத்தனையும் உள்ளே இருந்தன. தகர டப்பாவும் பழையபடியே பேசியது.

இதற்குக் காரணம் மாயமல்ல. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் உருவாக்கிக் காட்டிய ஸ்பீக்கரின் தத்துவம் இன்றும் மாறவில்லை. காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் ஆடச் சுருள் ஆடும். சுருள் ஆடக் காகிதம் ஆடும். காகிதம் காற்றைத் தள்ளும். நம் காதுக்கு வருவது அந்தக் காற்று மட்டுமே. இந்த வேலையில் ஸ்பீக்கர் மகா ஊதாரி. கொடுக்கிற சக்தியில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்துவிடும். எது எவ்வளவு ஊதாரி என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்று பார்ப்பார்கள். மலிவான சிறு ஸ்பீக்கர் 90 டெசிபெல் தருகிறது என்றால், நூறு பங்கு சக்தியில் ஒரு பங்குகூட ஒலியாகவில்லை என்று அர்த்தம். நல்ல பன்னிரண்டு அங்குல கிதார் ஸ்பீக்கர்கள் 97 முதல் 100 வரை தருகின்றன. இங்கிலாந்தின் செலஸ்டியன் கம்பெனியாரின் பெயர் பெற்ற நீல நிற ஸ்பீக்கர் 100 டெசிபெல் ரகம். அதில் நூற்றுக்கு ஆறு பங்கு ஒலியாகிறது.

இந்தப் பத்து டெசிபெல் வித்தியாசத்தை வாட்டில் ஈடு கட்ட வேண்டுமானால் பத்து மடங்கு சக்தி வேண்டும். அதாவது, நல்ல வாய் வைத்த ஐந்து வாட் பெட்டி, மோசமான வாய் வைத்த ஐம்பது வாட் பெட்டிக்குச் சமம். வாட்டை இரட்டித்தால் கிடைப்பதோ மூன்றே டெசிபெல். காதுக்கு அது "கொஞ்சம் கூடுதல்". வாட் கணக்குக் கேட்கிற கனவான்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாதா?

நம் ஊர் மைக் செட்காரர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரியும். அம்மன் கோயில் கொடைக்கு வேப்பமர உச்சியில் ஒரு கூம்புக் குழாயைக் கட்டுவார்கள். கீழே மேஜைமேல் இருக்கும் ஆம்ப்ளிபயர் ராட்சசன் அல்ல. ஆனாலும் பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊரில் கேட்கும். அந்தக் குழாய் வாயின் வேலை அது.

சத்தம் மட்டுமல்ல, குணமும் வாயைப் பொறுத்ததே. கிதார் ஸ்பீக்கர் சுமார் 5,000 அதிர்வுகளுக்கு மேலே உள்ள கீச்சுக் குரலை வெளியே விடுவதில்லை. வால்வு திணறி உறுமும்போது பிறக்கிற கரகரப்பில் காதைக் கிழிக்கும் பகுதியை அது வடிகட்டிவிடுகிறது. பெட்டியின் முதுகு திறந்திருந்தால் ஒலி அறையெங்கும் பரவும், கீழ்ஸ்தாயி இளகும். முதுகு மூடியிருந்தால் கீழ்ஸ்தாயி இறுகி முன்னால் வரும்.

வாயை மாற்றுவதென்றால் கண்டதை மாட்டிவிடலாமா? கூடாது. இங்கேதான் ஜாதகப் பொருத்தம் பார்க்க வேண்டும். இஎல்84 வால்வு சுமார் 5,000 ஓம் சுமையை விரும்புகிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளித்து வைக்கிற தரகர், உள்ளே இருக்கிற அவுட்புட் டிரான்ஸ்பார்மர். சுமார் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் சுற்றப்பட்ட கம்பிகள்தான் அந்தத் தரகு. 8 ஓம் என்று எழுதிய இடத்தில் 8 ஓம் ஸ்பீக்கரையே மாட்டுங்கள். ஸ்பீக்கரே இல்லாமல் வால்வுப் பெட்டியை முடுக்கி வாசிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். போக இடமில்லாத சக்தி திரும்பிப் பாய்ந்து டிரான்ஸ்பார்மரை எரித்துவிடக்கூடும்.

இரண்டு ஸ்பீக்கர் சேர்க்கிற ஆசை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 16 ஓம். 4 ஓமையும் 8 ஓமையும் பக்கம் பக்கமாகக் கட்டினால், மூன்றில் இரண்டு பங்கு சக்தியை 4 ஓம்காரரே சாப்பிட்டுவிடுவார். ஒன்று 100 டெசிபெல், மற்றொன்று 94 என்றால், இரண்டாமவர் பேசுவதே வெளியே கேட்காது. இரண்டும் ஒரே திசையில் மூச்சுவிடவும் வேண்டும். டார்ச் விளக்கின் ஒன்றரை வோல்ட் பாட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு கூம்புகளும் முன்னால் வந்தால் சரி. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால், ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று இழுத்துக்கொள்ளும், கீழ்ஸ்தாயி செத்துவிடும். இதற்கெல்லாம் அந்த முந்நூறு வோல்ட் அறைக்குள் விரலை விட வேண்டியதே இல்லை. பெட்டியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாலு திருகும் இரண்டு கம்பியும் மாற்றினால் தீர்ந்தது.

எதிர்க் கட்சியாரின் வாதங்களையும் கேட்டுவிடுவோம். "பெட்டியின் விலைக்குச் சமமாக ஸ்பீக்கர் வாங்குவது அசட்டுத்தனம்" என்கிறார்கள். பெட்டி போனால் ஸ்பீக்கரைக் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். பற்றவைத்த கண்டென்ஸர் அப்படி வருமா? "உள்ளே மாற்றினால் பயனே இல்லையா?" என்றால், உண்டு. டிரான்ஸ்பார்மரை மாற்றினாலும் சுற்றமைப்பின் அளவுகளை மாற்றினாலும் குரல் மாறத்தான் செய்யும். தெரிந்தவர் தெரிந்து செய்யட்டும். ஆனால் வாயில் துணியை வைத்துக்கொண்டு தொண்டைக்குச் சிகிச்சை செய்யாதீர்கள் என்கிறேன். "டிரம்ஸ் அடிக்கிறவன் பக்கத்தில் ஐந்து வாட் எடுபடாதே" என்பது நியாயம்; அந்த இடத்தில் பெரிய பெட்டி வேண்டும்தான். வீட்டிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் அந்த நியாயம் செல்லாது. 1970-ல் மயாமி நகரில் எரிக் கிளாப்டன் 'லைலா' இசைத்தட்டைப் பதிவு செய்தபோது வைத்துக்கொண்டது இந்தச் சின்ன சாம்ப் பெட்டியைத்தான்.

தங்கை மகன் பிறகு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிட்டான். போன மாதம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினான். நன்றாக இருந்தது. "எண்பது சதவிகிதம் ஸ்பீக்கர்னு ஒத்துக்கறேன், மாமா. இருபது சதவிகிதம் கண்டென்ஸர்தான்" என்றான். அந்த இருபதை நான் தர்க்கத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அதற்காக விரலைச் சுட்டுக்கொண்டவன் அல்லவா?