இலக்கை வகுப்பது மக்களாட்சியின் பொறுப்பு

பொது விநியோகத் திட்டத்துக்கான தானியத்தை எந்தக் கிடங்கிலிருந்து எந்த வழியாக எந்த நியாயவிலைக் கடைக்கு அனுப்புவது என்பதைக் கணித மாதிரியின் துணையோடு முடிவுசெய்யும் ‘அன்ன சக்ரா’ ஏற்பாட்டை மத்திய அரசு 2024 டிசம்பரில் தொடங்கிவைத்தது. ஆண்டுக்குச் சுமார் 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என அரசு மதிப்பிடும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. எனினும், சுமார் 81 கோடிப் பேரின் உணவோடு தொடர்புடைய ஒரு மாதிரியின் அடிப்படைகளை வல்லுநர்கள் மட்டுமே அறிந்திருப்பது போதாது. அவை மக்கள் மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இத்தகைய மாதிரி எதுவும் மூன்று உறுப்புகளால் ஆனது. ஒவ்வொரு வழியிலும் எத்தனை டன் அனுப்புவது என்பதுபோல் கண்டறியப்பட வேண்டிய அளவுகள் தீர்மான மாறிகள். குறைக்கவோ கூட்டவோ விரும்பும் அளவு குறிக்கோள் சார்பு. கிடங்கின் கொள்ளளவு, கடையின் தேவை போன்ற மீறக்கூடாத வரம்புகள் கட்டுப்பாடுகள். சோவியத் அறிஞர் கண்டோரோவிச் 1939-இல் முன்வைத்து, அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் சிம்ப்ளெக்ஸ் முறையால் வலுப்படுத்திய நேரியல் திட்டமிடல், இத்தகைய மாதிரிகளின் அடித்தளமாகும்.

டான்ட்சிக் தமது எடையைக் குறைக்க 1950-களில் இம்முறையால் உணவுப் பட்டியல் தயாரித்தபோது, கணினி முதலில் நாளொன்றுக்கு 500 காலன் வினிகரைப் பரிந்துரைத்தது. வினிகரை நீக்கியதும் 200 சூப் கட்டிகளை உண்ணச் சொன்னது. கணக்கில் பிழையில்லை, உப்புக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும் என்று எவரும் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லப்படாத கட்டுப்பாட்டை மாதிரி தானாக ஊகித்துக்கொள்ளாது.

போக்குவரத்துச் செலவைக் குறைப்பதையே ஒரே குறிக்கோளாகக் கொண்ட மாதிரியிலும் இதே ஆபத்து உண்டு. மழைக்காலத்தில் பாதை துண்டிக்கப்படும் மலைக்கிராமத்தின் கடையில் முன்கூட்டியே இருப்பு வைக்க வேண்டும் என்பது கட்டுப்பாடாக எழுதப்படாவிட்டால், ஏட்டில் தெரியும் மிச்சம் அங்குள்ள குடும்பங்களின் பசியாக மாறிவிடக்கூடும்.

இவை பொதுமக்களுக்குப் புரியாத நுட்பங்கள் என்ற வாதம் ஏற்புடையதல்ல. தீர்வு காணும் வழிமுறை வல்லுநர்களுக்குரியது. எதைக் குறைக்கிறோம், எதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்பது எளிய தமிழில் சில பக்கங்களில் சொல்லக்கூடியது. ஒரு கட்டுப்பாட்டைச் சற்றே தளர்த்தினால் செலவு எவ்வளவு மாறும் என்பதைக் காட்டும் ‘நிழல் விலை’யையும் நேரியல் மாதிரியே தந்துவிடுகிறது. மலைக்கிராமத்துக்கு அளிக்கும் உறுதிமொழியின் செலவு என்னவென்று தெரிந்த பின், அதை ஏற்பதா என்பதைச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் விவாதித்து முடிவுசெய்ய முடியும்.

ஆகவே, பொதுப் பணத்தில் இயங்கும் ஒவ்வொரு மாதிரியின் குறிக்கோள், கட்டுப்பாடுகள், அனுமானங்கள் ஆகியவற்றை அரசு வெளியிட வேண்டும். கடை விற்பனையாளர்கள், கிடங்குப் பணியாளர்கள் ஆகியோரின் கருத்தைக் கேட்டு அவற்றைத் திருத்த வேண்டும். மதிப்பிட்ட மிச்சத்தையும் உண்மையான மிச்சத்தையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும். சிறந்த வழியைக் கணிதம் காட்டட்டும். எது சிறந்தது என்பதை வரையறுக்கும் உரிமை மக்களிடமே இருக்க வேண்டும்.