கொழுப்பை உறிஞ்சினால் நோய் நீங்குமா?

குருநகரிலிருந்து மாணவியொருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய தாயாருக்கு நீரிழிவு, உடலும் பருமன். கனடாவிலிருந்து வந்த மாமியோ, "வயிற்றுக் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டால் சீனி வியாதியும் போய்விடும், செலவை நான் பார்க்கிறேன்" என்கிறாராம். நம்பலாமா என்பது வினா.

இவ்வினாவை ஆராய்ச்சியாளர் முன்னரே எழுப்பியுள்ளனர். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் குழுவினர் பருமனான 15 பெண்களை ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டனர். எழுவர் நீரிழிவுடையோர். சராசரியாக ஒன்பது, பத்துக் கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரங்களின் பின் சோதித்தபோது, இன்சுலின் செயற்படும் திறனிற் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை; இரத்த அழுத்தமும் குறையவில்லை. ஏன்? குழாய் எட்டுவது தோலின் கீழுள்ள கொழுப்பை மட்டுமே. குடலைச் சூழ்ந்ததும் ஈரலிற் படிந்ததும் அப்படியே இருக்கும். உணவைக் குறைத்து மெலிபவருக்கோ அவையுங் கரையும். பதினைந்து பேர் சிறு தொகைதான். ஆயினும் அளவீடு நுணுக்கமானது.

கொலராடோ ஆய்வொன்று (2011) இன்னொன்றைக் காட்டிற்று. தொடையிலும் இடுப்பிலும் எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் உடலுக்கு மீண்டது. மீண்ட இடம் பெரும்பாலும் வயிறு!

இனி, ஆபத்து. 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கக் கணக்கொன்றில், 4,96,245 சிகிச்சைகளில் 95 மரணங்கள். ஏறத்தாழ ஐயாயிரத்துக்கு ஒன்று. நுரையீரலை அடைத்த இரத்தக்கட்டி முதன்மைக் காரணம். 1987இல் ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் வைத்தியர் விவரித்த, மரப்பு மருந்து கலந்த நீரை நிறையச் செலுத்தும் முறை வந்தபின் இரத்தப்போக்கு மிகக் குறைந்தது. அம்முறையிலே 66,570 சிகிச்சைகளில் ஒரு மரணமுமில்லை என 2002இல் ஓர் ஆய்வு கூறியது. இரண்டும் சிகிச்சை செய்தவர்களே சொன்ன கணக்கு என்பதையும் நினைவிற் கொள்க.

தெலுங்கு நடிகை ஆர்த்தி அகர்வால் 2015 யூன் 6இல், 31ஆம் வயதில், அமெரிக்காவிற் காலமானார். சில வாரங்களுக்கு முன் இச்சிகிச்சை பெற்றிருந்தார் எனப் பத்திரிகைகள் எழுதின. அதுவே காரணம் என்று கூற நாம் துணியோம்.

ஆகவே மாணவிக்கு நம் விடை: உருவம் திருத்த இது உதவலாம், நீரிழிவுக்கு மருந்தன்று. மாமியின் பணத்துக்கு வேறு வேலையுண்டு. தாயாரின் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் இவ்வாண்டு சோதிக்கப்பட்டனவா? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை குருநகருக்குத் தூரமில்லை. அங்கே அதற்குக் கட்டணமுமில்லை.