ஐந்தாவது டம்ளர்
அடுத்த வாரம் ஒசாகா போகும் தோழி, அங்குள்ள அலுவலக நண்பர் வீட்டுக்கென்று வாங்கிய பித்தளை டபரா செட்டைக் காட்டினாள். கும்பகோணத்தில் வாங்கியது, விளிம்பில் விரல் வைத்தால் வழுக்கியது. எண்ணிப் பார்த்தேன், நான்கு. இன்னொன்று வாங்கிச் சேர்த்துவிடு என்றேன். ஜப்பானிய மொழியில் நான்குக்கு 'ஷி' என்றொரு உச்சரிப்பு உண்டு. சாவுக்கும் அதே ஒலிதான். கிண்ணமும் தட்டும் ஐந்தைந்தாகச் செட் சேர்ப்பதே அவர்கள் வழக்கம். கல்யாணத்துக்கு வைக்கும் பணம்கூட 30,000, 50,000 யென் என்று, பத்தாயிரங்கள் ஒற்றைப்படையில் வரும்படிதான். சரிபாதியாகப் பிரிந்துவிடக் கூடாதாம். ஐந்நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து மொய் எழுதும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்? விலை குறைவோ என்று தோழி தயங்கினாள். அந்தத் தயக்கம் தேவையே இல்லை. விலை கூடக்கூட, பதில் மரியாதை செய்யும் பாரம் அவர்கள் தலையில் ஏறும். எங்கள் ஊரில் செய்தது என்று சொல்லிக் கொடுக்க முடிந்தால் அதற்குத்தான் அங்கே மதிப்பு. அலுவலகத்துக்கு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் போதும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாளில் சுற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். ஆளுக்கொன்றாகப் பகிர அதுதான் வசதி. பையிலிருந்து வெளியே எடுத்து, இரு கைகளாலும் கொடுங்கள். உடனே பிரித்துப் பார்க்கவில்லையே என்று மனம் வாடாதீர்கள். கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் எடுத்து வைப்பது அவர்கள் காட்டும் மரியாதை.