வரியைத் தேடும் படிப்பு

எங்கள் செம்மண்டலத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் பத்தி படிக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. "என்ன படித்தாய்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். நாளை கடன் பத்திரத்திலும் இப்படித்தானே கையெழுத்துப் போடுவார்கள்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியம். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வாக்கியத்தில் சொல்ல வேண்டும், வாத்தியார் விடமாட்டார். பிற்பாடு நாலு பக்கக் கடிதத்துக்கு நாலு வரியில் கோப்புக் குறிப்பு எழுத அதுதான் கைகொடுத்தது.

பத்தியும் ஊர்ச் செய்தியாக இருக்கட்டும். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, அங்கிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது. (பிரெஞ்சுக்காரர் 1758-ல் அந்தக் கோட்டையைப் பிடித்தது தனிக்கதை.) இதை எளிய ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதிக் கொடுத்து, "குண்டு பாயப் பாய யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். பத்தியில் அந்த வரி இருக்காது. முதலில் தமிழில் சொல்லட்டும், பிறகு ஆங்கிலத்தில். இலக்கணம் தப்பினால் தப்பட்டும்.

என் பேரனிடம் கேட்டுப் பார்த்தேன். "நம்ம தெருவும் அதுல வருமா தாத்தா?" என்று திருப்பிக் கேட்டான்.