கடன் ஒப்பந்தத்தை எழுதுவது யார்? ஜப்பான் வெளிநாட்டுச் சட்டத்தரணிகளை உள்ளே விட்ட விதம்

2025 மார்ச் 7 ஆம் திகதி இலங்கை, ஜப்பானுடன் கடன் மறுசீரமைப்பு உடன்பாட்டில் கைச்சாத்திட்டது. தொகை 369.45 பில்லியன் யென். அமெரிக்க டொலரில் ஏறத்தாழ 2.5 பில்லியன். தொகை எவ்வளவு, எத்தனை வருடத்தில் கட்டுவது என்பதெல்லாம் நம்மிடையே பேசப்பட்டது. இப்படியான ஒப்பந்தங்களை உட்கார்ந்து எழுதுகிறவர்கள் யார் என்பதை யாரும் பேசவில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திய அரசாங்கம், அடுத்த மாதமே இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களை அமர்த்தியது. நிதி ஆலோசனைக்கு லசார்ட், சட்ட ஆலோசனைக்கு கிளிஃபர்ட் சான்ஸ். இரண்டாவது லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட சட்ட நிறுவனம். 1987 முதல் அதற்கு டோக்கியோவிலும் அலுவலகம் உண்டு. நமக்குக் கடன் தந்த பெரிய நாடு ஒன்றின் தலைநகரிலும் அதே பெயர்ப் பலகை தொங்குகிறது. இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. உலகத்தின் பெரிய கடன் ஒப்பந்தங்களை எழுதும் தொழில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில லண்டன், நியூயோர்க் நிறுவனங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் சட்டத்தரணி அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, உயர்தர மாணவருக்கு வணிகக் கல்வி படிப்பிக்கும் ஒரு வாத்தியார். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "சேர், தமிழ்ல சட்டம் படிச்சு கடைசில என்ன? பெரிய காசு வார வேலை எல்லாம் இங்கிலீஸ்லதானே நடக்குது" என்று கேட்டாள். பதில் சொல்வதற்காகத்தான் ஜப்பானைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். ஆங்கிலேயர் ஆளாத நாடு, சட்டத்தைச் சொந்த மொழியில் வைத்திருக்கும் நாடு. அங்கே லண்டன் சட்டத்தரணிக்கு என்ன வேலை?

கதை யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் தொடங்குகிறது. 1949 ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் சட்டம் வெளிநாட்டவர் சிலருக்கு இடம் கொடுத்தது. 1955 இல் அந்தக் கதவு மூடப்பட்டது. ஏற்கனவே உள்ளே வந்திருந்தவர்கள் தொழிலைத் தொடரலாம், புதியவர்கள் வர முடியாது. முப்பது வருடம் நிலைமை அப்படியே இருந்தது. 1980களில் ஜப்பானிய வங்கிகள் உலகிலேயே பெரியவையாக வளர்ந்தன. அமெரிக்கா வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் இந்தக் கதவையும் தட்டத் தொடங்கியது. 1986 இல் விசேட சட்டமொன்று நிறைவேறி, 1987 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

கதவு திறந்தது, ஆனால் சங்கிலி மாட்டிய கதவு. வெளிநாட்டுச் சட்டத்தரணி நீதி அமைச்சரின் அங்கீகாரம் பெற வேண்டும், ஜப்பான் சட்டத்தரணிகள் சங்கங்களின் சம்மேளனத்தில் பதிய வேண்டும், வருடத்தில் 180 நாள் ஜப்பானில் தங்க வேண்டும். தன் நாட்டில் ஐந்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். தன் நாட்டுச் சட்டம் பற்றி மட்டும் ஆலோசனை சொல்லலாம். ஜப்பானியச் சட்டம் பற்றி வாய் திறக்கக் கூடாது, நீதிமன்றம் ஏறக் கூடாது. ஜப்பானியச் சட்டத்தரணியைச் சம்பளத்துக்கு வைத்திருக்கவும் முடியாது, அவருடன் பங்காளியாகவும் முடியாது.

இந்தச் சங்கிலியை அவர்கள் ஒரேயடியாகக் கழற்றவில்லை. 1994 திருத்தம் வரையறையுடன் கூட்டுத் தொழிலுக்கு வழிவிட்டது. 1998 இல் அனுபவ நிபந்தனை ஐந்து வருடத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. முழுமையான கூட்டும், ஜப்பானியச் சட்டத்தரணிகளை வேலைக்கு அமர்த்தும் உரிமையும் கிடைத்தது 2005 ஏப்ரலில்தான். இரு தரப்பினரும் சேர்ந்து ஒரே கூட்டுத்தாபனம் அமைக்கும் வசதி 2022 நவம்பரில் வந்தது. மொத்தம் முப்பத்தைந்து வருடம். வெளிநாட்டு நிறுவனங்கள் இதைத் தாமதம் என்று குறைபட்டுக்கொண்டன. எனக்கு இது தாமதமாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் அவர்கள் செய்யும் வேலையைப் பார்ப்போம். டோக்கியோவைத் தலைமையகமாகக் கொண்ட இன்பெக்ஸ் கம்பனி அவுஸ்திரேலியக் கடலில் இக்திஸ் என்ற எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 டிசம்பரில் அதற்கு 20 பில்லியன் டொலர் கடன் ஏற்பாடு கைச்சாத்தானது. ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு வங்கி உட்படப் பல நாடுகளின் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களும் வணிக வங்கிகளும் அதில் சேர்ந்தன. இத்தனை பேர் ஒரே மேசையில் அமரும்போது, "என் நாட்டுச் சட்டம், உன் நாட்டுச் சட்டம்" என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லை கடந்த பெரிய கடன்களில் பொதுவாக ஆங்கிலச் சட்டமோ நியூயோர்க் சட்டமோ ஆளும் சட்டமாகத் தெரிவாகிறது. கடன் தருபவர் ஜப்பானியர், கடன் பெறும் திட்டத்தின் உரிமையாளரும் ஜப்பானியர் என்றாலும் ஒப்பந்தம் லண்டன் சட்டத்தில் எழுதப்படலாம். டோக்கியோ மருனோஊச்சியில் வங்கித் தலைமையகங்களைச் சுற்றி வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் கூடாரம் அடித்திருப்பது இதனால்தான். மிட்சுபிஷி யூஎஃப்ஜே, சுமித்தோமோ மிட்சுயி, மிசுஹோ ஆகிய மூன்று பெரு வங்கிகளும் உலகம் முழுக்கக் கடன் கொடுக்கின்றன.

ஒரு வாசகம் ஒரு நாட்டை என்ன பாடு படுத்தும் என்பதையும் ஜப்பானியர் கண்டிருக்கிறார்கள். 1998 ஒக்டோபரில் ஜப்பானின் நீண்டகாலக் கடன் வங்கி வீழ்ந்து அரசுடைமையாக்கப்பட்டது. ட்ரில்லியன் கணக்கான யென் அரச பணத்தை அதில் கொட்டினார்கள். விற்பனைக்கு ஆலோசகராகக் கோல்ட்மன் சாக்ஸ் நியமிக்கப்பட்டது. 2000 மார்ச்சில் ரிப்பிள்வுட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழு அந்த வங்கியை 1 பில்லியன் யென்னுக்கு வாங்கியது. புதிய மூலதனமாக 120 பில்லியன் யென் போட்டது. வங்கிக்கு ஷின்செய் என்று பெயர் மாற்றினார்கள்.

வாங்கும் தரப்பு ஒரு பாதுகாப்புக் கேட்டது. வங்கியின் பழைய கடன்கள் பிறகு கெட்டுப்போனால் நட்டத்தை யார் ஏற்பது? அரசும் வாங்குபவரும் நட்டத்தைப் பங்கிடும் அமெரிக்க முறைக்கு ஜப்பானின் சட்டத்தில் அப்போது இடம் இருக்கவில்லை. எனவே சிவில் சட்டக்கோவையில் இருந்த பழைய கோட்பாடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். விற்ற பொருளில் மறைந்த குறை இருந்தால் விற்றவரே பொறுப்பு என்பது அது. நமது ஊர்ச் சந்தையில் மாடு வாங்குகிறவனுக்கும் தெரிந்த நியாயம். அதை வைத்து, மூன்று வருடத்துக்குள் ஒரு கடனின் பெறுமதி 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அரசு அதைப் பழைய பெறுமதிக்கே திருப்பி வாங்க வேண்டும் என்று எழுதினார்கள்.

மை காயும் முன்பே விளைவு தெரிந்தது. கடனில் தத்தளித்த சோகோ என்ற பல்பொருள் அங்காடிக் கம்பனி, கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும்படி வங்கிகளைக் கேட்டது. ஷின்செய் மறுத்தது. ஏன் சம்மதிக்க வேண்டும்? கெட்ட கடனை அரசிடம் தள்ளிவிட்டு முழுப் பெறுமதியைப் பெறலாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. வரிப் பணத்தில் ஒரு கடைக்குக் கடன் மன்னிப்பா என்று மக்கள் கொதித்தார்கள். 2000 ஜூலையில் சோகோ, ஏறக்குறைய 1.87 ட்ரில்லியன் யென் கடனோடு நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2004 பெப்ரவரியில் ஷின்செய் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் பெரும் இலாபம் பார்த்தார்கள். முதலீட்டுக் குழு நெதர்லாந்தில் பதிவானது என்பதால் அந்த இலாபத்துக்கு ஜப்பானில் வரி அறவிட முடியாமல் போனது வேறு சர்ச்சை.

அந்த வாசகம் சட்டவிரோதமானது அல்ல. அதை எழுதியவர்களைத் திட்டுவதிலும் அர்த்தமில்லை, தம் கட்சிக்காரருக்காக உழைப்பது அவர்கள் தொழில். வாங்கியவர் வாசகத்தின் கடைசி எழுத்து வரை விளங்கி வந்தார், விற்றவர் அவசரத்தில் கையொப்பமிட்டார். அங்குதான் கோளாறு.

ஜப்பான் இதற்குப் பிறகு கதவை இழுத்து மூடவில்லை. தன் பக்கத்து நாற்காலியைப் பலப்படுத்தியது. 1980களில் அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்களிலேயே சில பத்துப் பேர்தான் இருந்தார்கள். 2000 ஜனவரியில் நகஷிமா ஓனோ நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்தது. 2007 இல் நிஷிமுராவும் அசாஹியும் இணைந்தன. இன்று முன்னணியில் உள்ள நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றிலும் ஐந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2004 இல் புதிய சட்டப் பள்ளிகள் தொடங்கின. 2000 ஆம் ஆண்டளவில் 17 ஆயிரமாக இருந்த சட்டத்தரணிகள் இப்போது 45 ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். பதிவு பெற்ற வெளிநாட்டவர் இன்னமும் சில நூறு பேர்தான். முப்பத்தைந்து வருடம் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான். வந்தவர்களிடம் வேலை பழக, கூடவே உட்கார, பிறகு எதிரே உட்கார அவர்களுக்கு அவகாசம் தேவைப்பட்டது.

நம் வாசகர்களில் பலர் அறிய விரும்பும் இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இஸ்லாமிய நிதித்துறையிலும் ஜப்பான் கை வைத்தது. 2008 இல் வங்கிகளின் துணை நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. 2011 இல் சுகூக் வெளியிடுவதற்காகச் சொத்துப் பிணையச் சட்டத்தையும் வரி விதிகளையும் திருத்தியது. சொத்தை விற்று, வாடகைக்கு எடுத்து, திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு முறையும் வரி விழுந்தால் இஜாரா முறை கட்டுப்படியாகாது. அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தார்கள். ஆனாலும் எதிர்பார்த்த சந்தை டோக்கியோவில் உருவாகவில்லை. 2014 இல் ஒரு ஜப்பானிய வங்கியின் மலேசியக் கிளை நிறுவனம் யென் நாணயத்தில் சுகூக் வெளியிட்டது கோலாலம்பூரில்தான். வேலை தெரிந்த சட்டத்தரணிகளும் ஷரீஆ அறிஞர்களும் அங்கே இருந்தார்கள். சட்டத்தைத் திருத்தினால் மட்டும் தொழில் வந்து சேராது.

நம் நாட்டுக்கு வருவோம். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான வர்த்தமானி ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. தமிழில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது நிம்மதி தந்த செய்தி, எனக்கும்தான். ஆனால் அதோடு நாம் தூங்கிவிட்டோம். நமது சர்வதேச இறைமை முறிகள் நியூயோர்க் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. 2022 ஜூனில் ஹமில்டன் ரிசேர்வ் என்ற வங்கி அந்த முறிகளில் 250 மில்லியன் டொலருக்கு மேல் வைத்துக்கொண்டு நம் நாட்டின் மீது நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்தது. அந்த முறிகளின் வாசகங்களை வரிக்கு வரி வாசித்து விளக்கக்கூடிய தமிழ் பேசும் சட்டத்தரணிகள் நம்மிடம் எத்தனை பேர்? ஆங்கிலத்தில் மட்டும் படிப்பிக்க வேண்டும் என்றவர்களும், கூடாது என்றவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஜப்பானில் நீதிமன்ற மொழி ஜப்பானியம் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. சட்டப் பரீட்சையும் அந்த மொழியில்தான். அப்படிப் படித்து வந்த பிள்ளைதான் பிறகு ஆங்கிலச் சட்ட ஒப்பந்தத்தைக் கையில் எடுத்து லண்டன்காரரோடு வாதிடுகிறது. சொந்த மொழியில் சட்டத்தை விளங்கியவருக்கு இரண்டாவது மொழியில் அதை விளங்குவது கூடுதல் உழைப்பு. இரண்டிலும் அரைகுறையாக நிற்பவருக்குத்தான் அது மலை. இதை நான் சட்டத்தரணியாகச் சொல்லவில்லை, வகுப்பறையில் வருடக் கணக்காகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் நீண்ட பதில் எதுவும் சொல்லவில்லை. ஜப்பானின் நீதி அமைச்சு 2009 முதல் தன் சட்டங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போடுகிறது, சட்டப்படி செல்லுபடியாவது ஜப்பானிய மூலம் மட்டுமே. அதிலிருந்து சிவில் சட்டக்கோவையின் விற்பனை பற்றிய பிரிவுகளை எடுத்துக் கொடுத்து, ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு வாரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள். ஷின்செய் ஒப்பந்தத்தில் பாவித்த "மறைந்த குறை" என்ற பழைய சொல் அதில் இல்லையே, "ஒப்பந்தத்துக்கு இணங்காமை" என்றுதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அதை மாற்றிவிட்டார்கள் என்று பதில் எழுதினேன். அப்படியானால் நம் நாட்டு விற்பனைச் சட்டத்தில் தமிழில் எந்தச் சொல் இருக்கிறது என்று அடுத்த கேள்வி வந்திருக்கிறது. அதைத்தான் இப்போது இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.