பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ்: மாத்திரைக்குள் வருமா, புண்ணுக்கு மேல் வருமா? நாகை டெல்டாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

கேப்ஸ்யூல் வாங்கும்போது மருந்தோட பேர் என்ன, எத்தனை மில்லிகிராம், எக்ஸ்பைரி எப்போன்னு பார்ப்போம். அந்த வழவழப்பான உறை எதில் செய்ததுன்னு பெரும்பாலும் பார்க்க மாட்டோம். ஆனால் எல்லா மதத்தினரும் வந்துபோகிற நாகூர் மாதிரி ஊரில் இது கேட்க வேண்டிய கேள்விதான். பெரும்பாலான கேப்ஸ்யூல் உறைகள் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்ற விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. நாகூருக்கு வடக்கே கடலூர் சிப்காட்டிலேயே எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் ஆலை இருக்கிறது. சைவம் சாப்பிடுபவருக்கும் இது சங்கடம், ஹலால் பார்ப்பவருக்கும் சங்கடம்.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது செல்லுலோஸ் உறை. 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகமே ஜெலட்டின் உறைக்குப் பதில் செல்லுலோஸ் உறையைக் கொண்டுவரலாமா என்று கருத்துக் கேட்டது. விலை கூடும், தேவைக்கு உற்பத்தி இல்லை என்று மருந்துத் துறையிலிருந்து எதிர்ப்பு வந்தது. கட்டாயம் ஆகவில்லை. இன்றைக்கும் இரண்டுமே சந்தையில் உண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இப்போது கடையில் கிடைக்கும் 'வெஜ் கேப்ஸ்யூல்' பெரும்பாலும் மரக்கூழ், பஞ்சு போன்ற தாவரச் செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றிச் செய்தவை. ஹைப்ரோமெல்லோஸ் என்று பெயர். பாக்டீரியா செல்லுலோஸ் என்று இப்போது பேசப்படுவது வேறு சரக்கு.

அப்படின்னா பாக்டீரியா செல்லுலோஸ் என்பது என்ன?

வினிகர் ஜாடியைப் பல நாள் அசைக்காமல் வைத்தால் மேலே பாலாடை மாதிரி ஒரு படலம் கட்டும். அதுதான் இது. 1886-ல் ஏட்ரியன் பிரௌன் என்ற பிரிட்டன் விஞ்ஞானி இந்தப் படலத்தை ஆராய்ந்து, இது செல்லுலோஸ், இதைச் செய்வது ஒரு பாக்டீரியா என்று எழுதினார். அப்போது அதற்குப் பெயர் பாக்டீரியம் சைலினம். பல தடவை பெயர் மாறி இப்போது கோமகடைபாக்டர் சைலினஸ்.

சர்க்கரையைத் தின்று, தன் உடம்பிலிருந்து நூல் மாதிரி செல்லுலோஸை வெளியே தள்ளுகிறது இந்தக் கிருமி. கோடிக்கணக்கான கிருமிகள் ஒரே நேரத்தில் நூல் விடுவதால் அது வலையாகப் பின்னி, ஜெல்லித் தகடாகிறது. ஒவ்வொரு இழையும் தாவர நாரைவிடப் பல மடங்கு மெல்லியது, நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டியது.

தாவரச் செல்லுலோஸோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் சுத்தம். மரத்திலிருந்து செல்லுலோஸ் எடுக்கணும்னா லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என ஒட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் ரசாயனம் போட்டுப் பிரிக்க வேண்டும். பாக்டீரியா செய்யும் செல்லுலோஸில் இவை கிடையாது. கிருமியையும் அது வளர்ந்த கரைசலையும் கழுவி எடுத்தால் போதும். இந்தப் 'போதும்' எவ்வளவு பெரிய வேலைன்னு பின்னால் பார்ப்போம்.

மருந்தில் செல்லுலோஸுக்கு என்ன வேலை?

நாம் ஏற்கெனவே தினமும் செல்லுலோஸ் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு மாத்திரையில் உண்மையான மருந்து சில மில்லிகிராம் மட்டும் இருக்கலாம். கையில் பிடிக்கிற அளவுக்கு அதைப் பருமனாக்கி, உதிராமல் கட்டி வைப்பது மைக்ரோகிரிஸ்டலின் செல்லுலோஸ் போன்ற தூள். 1950-களில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. மரக்கூழை அமிலத்தில் வேகவைத்துச் செய்வார்கள். நம்ம உடம்புக்குச் செல்லுலோஸைச் செரிக்கத் தெரியாது, வந்த வழியே போய்விடும்.

இவற்றைத் துணைப்பொருள் என்பார்கள். மருந்து வேலை எதுவும் செய்யாது என்பதால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்தத் தொகுப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். இந்த நச்சு பொதுவாக சிரப்புக்குள் நுழையும் வழி மருந்து அல்ல, அதைக் கரைக்கும் துணைப்பொருள்தான். செல்லுலோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'சும்மா நிரப்புற தூள்தானே' என்று ஒரு புதுச்சரக்கை மருந்துக்குள் விட முடியாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பாக்டீரியா செல்லுலோஸை மாத்திரைக்குள் கொண்டுவர முயற்சிகள் நடந்திருக்கின்றன. மலேசிய ஆய்வாளர்கள் பாராசிட்டமால் மாத்திரைக்கு மேல்பூச்சாக இதைப் பூசி, மருந்து மெல்ல வெளியேறுவதைக் காட்டினார்கள். வலி மருந்துகளையும் மரத்துப்போகும் மருந்துகளையும் படலத்துக்குள் ஊறவைத்து, தோல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் ஆய்வுகளும் உண்டு. ஆய்வகத்தில் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பிறகு ஏன் மாத்திரைக்கு வரவில்லை?

கணக்குதான் காரணம். இந்த ஜெல்லியில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ ஜெல்லியைக் காயவைத்தால் கையில் நிற்பது சுமார் 10 கிராம். ஒரு மாத்திரைக்கு 50 மில்லிகிராம் நிரப்புதூள் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ ஜெல்லிக்கு 200 மாத்திரை. அதற்காகப் பத்து, பதினைந்து நாள் வளர்த்து, கழுவி, காயவைத்து, பொடி செய்ய வேண்டும். எதிர்ப்பக்கம் மரக்கூழ் தூள் டன் கணக்கில், மலிவாக, பல பத்தாண்டு பாதுகாப்பு வரலாற்றோடு வந்து நிற்கிறது. பாராசிட்டமால் மாத்திரையில் பைசா கணக்குப் பார்க்கும் கம்பெனி இதை ஏன் வாங்கணும்? வாங்காது. அடுத்த சில வருஷத்தில் உங்கள் மாத்திரை பாக்டீரியா செல்லுலோஸுக்கு மாறிடும்னு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் அதே ஒரு கிலோ ஜெல்லியைக் காயவைக்காமல், மூன்று மில்லிமீட்டர் கனத்தில், பத்து செ.மீ.க்குப் பத்து செ.மீ. தகடாக வெட்டினால் முப்பது தகடுக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் புண்ணுக்கு மேல் வைக்கும் ஒரு கட்டு. மாத்திரைக்கு வேண்டாத அந்தத் தண்ணீர்தான் இங்கே மருந்து மாதிரி வேலை செய்கிறது. உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. உலகத்தில் இது ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருப்பதும் இந்த வடிவத்தில்தான்.

புண்ணில் என்ன செய்கிறது?

காஸ் துணி வைத்துக் கட்டிய புண்ணைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணியோடு சேர்ந்து புதுசாக முளைத்த சதையும் பிய்ந்து வரும், உயிர் போகும் வலி. பாக்டீரியா செல்லுலோஸ் தகடு ஈரமாகவே இருப்பதால் அப்படி ஒட்டிக்கொள்வதில்லை. கசிவை உறிஞ்சும், காய்ந்த இடத்துக்கு ஈரம் கொடுக்கும், காற்று போக விடும். சில வகை தகடுகளில் கண்ணாடி மாதிரி அடியில் புண்ணைப் பார்க்கவும் முடியும்.

பிரேசிலில் 1980-களிலேயே தீக்காயத்துக்குத் தற்காலிகத் தோலாக இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பயோஃபில் என்ற பெயரில். ஜெர்மனியின் சுப்ராசார்ப் எக்ஸ் என்ற கட்டு இதே பொருள்தான். அதில் கிருமிநாசினி ஏற்றிய வகையும் உண்டு. ஏன் ஏற்ற வேண்டும்? இந்தச் செல்லுலோஸுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. சீழ் வைத்த புண்ணில் வெறும் தகடு மட்டும் போட்டால் பிரயோஜனம் இல்லை. இதைச் சொல்லாமல் 'இயற்கை அதிசயம்' என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

வலி குறைகிறது, கட்டு மாற்றும் தடவைகள் குறைகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பல ஆய்வுகள் சின்னவை, சில பத்து நோயாளிகளை வைத்துச் செய்தவை. சர்க்கரைப் புண்ணை எவ்வளவு வேகமாக ஆற்றும் என்பதில் பெரிய அளவிலான ஆதாரம் இன்னும் வர வேண்டும்.

நாகூருக்கு இது ஏன் முக்கியம்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் 26.3 சதவீதம், அதாவது பெரியவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல். நாகூரிலிருந்து வாஞ்சூர் தாண்டினால் காரைக்கால், அது புதுச்சேரியின் பகுதி. எல்லைக்கோடு வேற, சாப்பாடும் வாழ்க்கையும் வேறயா என்ன? இந்த ஆய்வு காரைக்காலைத் தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

சர்க்கரை நோயாளிக்குக் காலில் உணர்ச்சி குறையும். வயலில் சேற்றில் நின்று வேலை பார்ப்பவருக்கும், மீன்பிடித் துறையில் வெறுங்காலோடு நடப்பவருக்கும் முள் குத்தினாலும் தெரியாது. கவனிக்கும்போது புண் ஆழமாகியிருக்கும். அப்புறம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் பஸ் ஏறி ஆஸ்பத்திரி போகணும், அன்றைய கூலி போகும். கட்டு மாற்றுவது வாரத்தில் இரண்டு தடவை குறைந்தாலே அந்தக் குடும்பத்துக்கு அது பணம். ஆனால் இப்போதைக்கு இந்த வகைக் கட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை.

மூலப்பொருள் நம்ம ஊரிலேயே கொட்டுகிறது

இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த சாப்பாடுகளில் ஒன்று முற்றிய தேங்காயின் தண்ணி. பிலிப்பைன்ஸில் இதை வைத்து 'நாட்டா டி கோகோ' என்ற தின்பண்டம் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். பலூடா, ஜூஸ் பாட்டில்களில் மிதக்கிற மெல்லக் கடிபடும் ஜெல்லித் துண்டு அதுதான். செய்முறை பெரிய ரகசியம் இல்லை: தேங்காய்த் தண்ணியை வடிகட்டிக் கொதிக்க வைத்து, சர்க்கரையும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் நைட்ரஜனுக்காக அம்மோனியம் சல்பேட்டும் சேர்த்து, ஆறியதும் தாய்க்கரைசல் ஊற்றி, தட்டில் மூடி, அசைக்காமல் வைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் தகடு கட்டிவிடும். தென்னை வளர்ச்சி வாரியம் இந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லித் தருகிறது. கேரளத்தில் 'மலாய்' என்ற நிறுவனம் இதே தகட்டிலிருந்து தோல் மாதிரியான பொருளும் செய்கிறது.

டெல்டாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் என்று தென்னை பரந்து கிடக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, இந்தத் தென்னந்தோப்புகளைத்தான் அடியோடு சாய்த்தது. அப்போது மறுபடி நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வருகிற காலம் இது. கொப்பரைக்கு உடைக்கும் இடங்களில் தேங்காய்த் தண்ணி தரையில் ஓடுகிறது, புளித்து நாற்றமடிக்கிறது. வைக்கோலிலிருந்து பிரித்த சர்க்கரையிலும் இந்தக் கிருமியை வளர்க்கலாம் என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் வைக்கோலைச் சர்க்கரையாக்குவதே தனிச் செலவு, நடுவில் கிருமியைத் தடுக்கும் பொருள்களும் உருவாகும். தேங்காய்த் தண்ணிதான் நேர் வழி.

சரி, இடையில் நிற்பது என்ன?

தின்பண்ட ஜெல்லிக்கும் மருத்துவக் கட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான். தகட்டுக்குள் சிக்கிய பாக்டீரியாவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேகவைத்துக் கொல்ல வேண்டும். செத்தாலும் அதன் உடல்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்ற நச்சு மிச்சமிருக்கும். அது ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், அழற்சி, அதிர்ச்சி வரை போகலாம். காரம் துளியும் இல்லாமல் கழுவி, எண்டோடாக்சின் அளவைச் சோதித்து, நீராவியிலோ காமா கதிரிலோ கிருமிநீக்கம் செய்து, சுத்த அறையில் பொட்டலம் போட வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் முந்தையது மாதிரியே இருக்கணும். ஆனால் தேங்காய்த் தண்ணி காய்க்குக் காய், பருவத்துக்குப் பருவம் மாறும். அதைச் சமன்செய்வதும் தொழிற்சாலையின் வேலை.

சட்டப்படி புண் கட்டு என்பது மருத்துவக் கருவி. 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் ஆபத்துக்கு ஏற்ப 'ஏ' முதல் 'டி' வரை வகுப்புகள். கீழ் இரண்டுக்கு மாநில அதிகாரிகள் தயாரிப்பு உரிமம் கொடுப்பார்கள், மேல் இரண்டுக்கு மத்திய அரசின் சி.டி.எஸ்.சி.ஓ. கட்டுக்குள் மருந்து ஏற்றினால் மேல்வகுப்புக்குப் போய்விடும், கேட்கும் ஆதாரமும் செலவும் ஏறும். பாக்டீரியாவும் தேங்காய்த் தண்ணியும் இருக்கிற இடத்தில் ஒரு மகளிர் குழுவாலோ உழவர் உற்பத்தியாளர் கம்பெனியாலோ இதைத் தனியாகச் செய்ய முடியாது. தகடு வளர்ப்பது கிராமத்தில், சுத்திகரிப்பும் சோதனையும் அரசு உதவியோடு ஒரு பொதுக்கூடத்தில் என்று பிரித்தால்தான் நடக்கும் என்பது நம் கணிப்பு. அந்தப் பொதுக்கூடம் வராத வரைக்கும் டெல்டாவின் தேங்காய்த் தண்ணி பலூடாவுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகாது.

நோயாளிகள் இப்போது என்ன செய்யலாம்?

கடையில் வாங்கிய நாட்டா ஜெல்லியையோ, வீட்டில் வளர்த்த கொம்புச்சா படலத்தையோ புண்ணில் வைக்கவே கூடாது. பொருள் ஒன்றுதான் என்றாலும் அதில் உயிருள்ள கிருமியும் அமிலமும் சர்க்கரையும் இருக்கலாம். சர்க்கரைப் புண்ணுக்கு இது விஷப்பரீட்சை.

கேப்ஸ்யூல் உறை பற்றிச் சந்தேகம் இருந்தால், மருந்தை நிறுத்தாமல், அதே மருந்து மாத்திரையாகவோ ஹைப்ரோமெல்லோஸ் உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். அட்டையில் எப்போதும் உறையின் விவரம் இருக்காது.

நீரிழிவு இருப்பவர்கள் தினமும் ராத்திரி பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கொப்புளம், நிறமாற்றம், வெடிப்பு எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பாதப் பரிசோதனை செய்கிறார்கள். நாகூர்க்காரர்களுக்கு நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரத்தூரில் இருக்கிறது.