கறை குலத்தினதா, நீரினதா?

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில், நிலக்கோட்டை வட்டாரத்துச் சில ஊர்களில், தந்தைக்கும் மக்களுக்கும் ஒருங்கே பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கக் காணலாம். அதனை ‘வம்சக் குறை’ எனக் கூறி ஒரு பெண்ணின் சம்பந்தத்தை விலக்குவது நீதியாகுமா, அன்பர்களே?

அந்தக் கறை குருதி தந்ததன்று, கிணறு தந்தது. பாறையிலிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அது மிகுந்தால், ஏறத்தாழ 8 வயதுக்குள் உருவாகும் பற்களின் எனாமல் கெடுகிறது. அதே பெற்றோர் நல்ல நீருள்ள ஊரில் வளர்க்கும் பிள்ளைக்கு அக்குறை வாராது. பரம்பரை நிறக்குருடோ, எவ்வூரில் வளர்ந்தாலும் உடன்வரும்.

பரம்பரையை மார்க்கம் மறுக்கவில்லை. தம் மனைவி கறுத்த பிள்ளை பெற்றாள் என ஐயுற்று வந்த அரபியரிடம், செந்நிற ஒட்டகங்களிடையே சாம்பல் நிற ஒட்டகம் எவ்வாறு வந்தது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். முன்னோர் வழியாக இருக்கலாம் என்றார் அவர். உம் பிள்ளையும் அவ்வாறே இருக்கலாம் எனப் பெருமானார் தெளிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

குலவழி வந்ததற்கே பழி கூறலாகாது எனில், நீரால் வந்ததற்குப் பழி கூறுவது எங்ஙனம் தகும்?

காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது. எனவே ஜமாஅத்தார் தத்தம் ஊர் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கச் செய்து, சிறார்க்கேனும் நன்னீர் கிடைக்க வழி காண்பார்களாக! பெண்ணின் பல்லை ஆராய்வதினும் ஊரின் கிணற்றை ஆராய்வதே நன்று.